வாசரை மாற்றுவது யார்?

(பெருமுக்கலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகளுக்குக் குடிதண்ணீர் கிடைக்க நடக்கும் வேலைகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். கிழக்கே நாலு கல் போனால் நம் கிணறே கரிக்கிறது. இதில் ஆப்பிரிக்காவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் வேலை.

முதலில் இந்தப் பெருமுக்கல் மலையைப் பாருங்கள். ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்ட மலை என்று படித்திருப்பீர்கள். அந்தச் சண்டைக்கெல்லாம் பல கோடி ஆண்டுகள் மூத்தது இந்தக் கருங்கல். ஒரு காலத்தில் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. பிறகு பிரிந்து விலகின. கடல் நடுவே புகுந்தது. ஆனால் பாறையின் குணம் மாறவில்லை. திண்டிவனத்தைச் சுற்றிப் பூமிக்கடியில் இருக்கும் பாறையும், உகாண்டாவிலும் ஜாம்பியாவிலும் பெரும்பகுதிக்கு அடியில் இருக்கும் பாறையும் ஒரே மாதிரியான பழைய கடும்பாறைகள். அங்கும் தண்ணீர் பாறையின் விரிசலில்தான் ஒளிந்திருக்கிறது. அங்கும் வெட்டுக்கிணறு கோடையில் வற்றும். அங்கும் ஆழமாகத் துளை போட்டால்தான் தண்ணீர்.

பாறை ஒன்று, பஞ்சம் ஒன்று. அதனால்தான் இங்கே கண்டுபிடித்த விடை அங்கேயும் விடையானது. அந்த விடை என்ன? உங்கள் தெருமுனையில் நிற்கிறதே, அடிபம்பு. அதுதான்!

அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதை நம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

1967-இல் பீகாரில் கடும் வறட்சி. கிணறுகள் வற்றின. பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கொண்டுவந்து இறக்கியது. அதற்குப் பிறகு நாடெங்கும் கடும்பாறைப் பகுதிகளில் போர் போட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் போட்டார்கள். துளை போட்டாயிற்று, தண்ணீரும் வந்தாயிற்று. மேலே எந்தப் பம்பை வைத்தார்கள் தெரியுமா? வெளிநாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்காரர், ஒரே குடும்பம், நாளுக்குச் சில வாளி இறைப்பதற்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்பின் நகல். நம் ஊரில் விடியற்காலை தொடங்கி இருட்டும் வரை ஊரே வரிசையில் நிற்கும். வார்ப்பிரும்பு தாங்குமா? கைப்பிடி ஒடிந்தது. ஆணி தேய்ந்தது. 1974-இல் எடுத்த கணக்கில், வைத்த பம்புகளில் நான்கில் மூன்று ஓடவில்லை என்று தெரியவந்தது.

அதைக் கேட்டவுடன் யுனிசெஃப்காரர்கள் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஊர்களில் கிறித்தவ மிஷன்களோடு சேர்ந்து உழைத்த மெக்கானிக்குகள், வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகுத் தகடு வெட்டிப் பற்றவைத்து ஒரு பம்பைச் செய்திருந்தார்கள். கைப்பிடிக்கும் உள்ளே இறங்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சங்கிலி. கைப்பிடி வளைந்து வந்தாலும் கம்பி நேராக ஏறி நேராக இறங்கும். தேய்மானம் குறைவு. அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, யுனிசெஃப்பும் சென்னையில் இருந்த அரசின் இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் என்ற அரசுத் தொழிற்சாலையும் சேர்ந்து புதிதாக வடிவமைத்தார்கள். வடிவமைத்த பம்பை எங்கே சோதித்தார்கள்? கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமங்களில். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் ஊர், கூட்டம் அதிகம் வரும் ஊர், எந்தப் பம்பும் தாங்காத ஊர். அப்படிப்பட்ட இடமாகப் பார்த்து வைத்தார்கள். நம் கோயம்புத்தூர்த் தாய்மார்கள் அடித்த அடியில் தேறி வந்த பம்புக்குப் பெயர் இந்தியா மார்க் டூ.

1970களின் கடைசியில் சென்னையில் அது பெருமளவில் உற்பத்தியானது. 1979-இல் ஐ.எஸ். 9301 என்ற தர எண்ணும் கொடுத்தார்கள். இன்னொரு பெரிய காரியமும் செய்தார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், எந்த நாடு வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்து விட்டுவிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1981 முதல் 1990 வரையிலான பத்தாண்டுகளைக் குடிநீர்ப் பத்தாண்டாக அறிவித்தது. அந்தப் பத்தாண்டில் நம் பம்பு கப்பல் ஏறியது. மாலிக்குப் போனது, கானாவுக்குப் போனது, நைஜீரியாவுக்கும் சூடானுக்கும் ஜாம்பியாவுக்கும் போனது. உகாண்டாவில் யு-டூ, யு-த்ரீ என்று அந்த நாட்டின் சொந்தத் தரமாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றின் படத்தில் ஒரு சிறுமி எம்பி எம்பிப் பம்பு அடிப்பதைப் பார்த்தால் அந்தக் கைப்பிடியை உற்றுப் பாருங்கள். பல நேரம் அது நீங்கள் பிடித்த கைப்பிடியாகவே இருக்கும்.

இப்போது சொல்லுங்கள், ஆப்பிரிக்காவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று கேட்க முடியுமா?

அந்தப் பம்பு குழந்தைகளுக்கு என்ன செய்தது? ஒரு நோயை மட்டும் சொல்கிறேன். நரம்புச் சிலந்தி. இங்கே இருக்கும் வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதற்குள் நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சு. வடிகட்டாமல் குடித்தால் உடம்புக்குள் போய், ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளம் கட்டி, நூல் நூலாக வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் பிள்ளை காலைக் குளத்தில் நனைக்கும். நனைத்தவுடன் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதே தண்ணீரை அடுத்த பிள்ளை குடிக்கும். விதைக்கிற பருவத்தில் குடும்பமே காலைத் தூக்க முடியாமல் கிடக்கும். பள்ளிக்கூடம் வெறிச்சோடும். தமிழ்நாட்டிலும் இருந்த நோய்தான் இது.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. மாத்திரையும் கிடையாது. பிறகு எப்படி ஒழிந்தது? காலை நனைக்க முடியாத இடத்திலிருந்து குடித்ததால் ஒழிந்தது! மூடிய துளை, மேலே பம்பு, சுற்றிலும் சிமெண்டு மேடை. பம்பு இல்லாத இடத்தில் துணியால் வடிகட்டினார்கள், குளத்துக்கு மருந்து போட்டார்கள், வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட நாடாக அறிவித்தது. 1986-இல் உலகம் முழுவதும், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், ஆண்டுக்கு ஏறக்குறைய 35 லட்சம் பேரை வாட்டிய நோய். 2023-இல் கண்டறிந்தவர்கள் 14 பேர். இத்தனை பெரிய எண் இத்தனை சிறிய எண்ணாகக் குறைந்ததற்கு அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய அமைப்பு முன்னின்று உழைத்தது. அதோடு ஊர் ஊராக நடந்த பெயர் தெரியாத தொண்டர்கள் உழைத்தார்கள்.

இத்தோடு கதையை முடித்தால் கைதட்டிவிட்டுப் போகலாம். முடிக்க முடியாது. ஏனென்றால் பிறகு நடந்ததுதான் நாம் யோசிக்க வேண்டியது.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 2009-இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். வைத்த அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் ஓடவில்லை. பிறகு வந்த மதிப்பீடுகளில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனாலும் நான்கில் ஒன்று நின்று கிடக்கிறது. யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். யாரோ ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பம்பு நின்றுவிட்டது. குழந்தைகள் பழைய குட்டைக்கே திரும்பிவிட்டார்கள்.

ஏன் நின்றது? பல இடங்களில் காரணம், உள்ளே சிலிண்டரில் இருக்கும் ஒரு வாசர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வாசர் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும். மாற்றுவது யார்? வாசர் விற்கும் கடை தலைநகரத்தில். மெக்கானிக் மாவட்டத் தலைநகரில். பம்பு வைத்துக்கொடுத்தவர் கடல் கடந்து போய்விட்டார். ஊர்க் குழு வசூலித்த காசு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாசரை மாற்றுவது யார்?

இன்னொரு காரணமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் சில இடங்களில் நிலத்தடித் தண்ணீர் புளிப்புத்தன்மை கொண்டது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அது அரித்துவிடும். தண்ணீர் செம்பழுப்பாக வரும், சோறு நிறம் மாறும், துணியில் கறை பிடிக்கும். பெண்கள் முகம் சுளித்துவிட்டுக் குட்டைக்குப் போய்விடுவார்கள். பம்பு ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, ஆனால் யாரும் குடிக்கவில்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்லாதீர்கள். சமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தண்ணீரின் குணம் தெரியும். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் குழாயோ பிளாஸ்டிக் குழாயோ போட்டிருக்கலாம்.

கேட்காமல் செய்த உதவிக்கு இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிளேபம்ப் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ராட்டினம் ஒன்று. குழந்தைகள் ஏறிச் சுற்றிச் சுற்றி விளையாடுவார்கள். அந்தச் சுழற்சியில் தண்ணீர் ஏறித் தொட்டியில் நிரம்பும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை. விளம்பரக் காசில் பராமரிப்பு. கேட்பதற்கு எவ்வளவு அழகு! உலக வங்கி பரிசு கொடுத்தது. 2006-இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையில் நின்று, ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் நிதி என்று அறிவித்தார். 2010-க்குள் பத்து நாடுகளில் நாலாயிரம் ராட்டினம் என்றார்கள்.

என்ன ஆயிற்று? குழந்தைகள் விளையாடும்போதுதான் விளையாடுவார்கள். அம்மா சோறு வடிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். ராட்டினத்தை யார் சுற்றுவது? வயதான பெண்கள் குனிந்து குனிந்து, ஊர் பார்க்க, வெட்கப்பட்டுக்கொண்டே சுற்றினார்கள். பல இடங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிவிட்டு ராட்டினத்தை வைத்திருந்தார்கள். பழுதானால் ஊர் மெக்கானிக்கால் தொட முடியாது. கார்டியன் நாளிதழ் 2009-இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. சொன்ன எண்ணிக்கையில் மக்களுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டுமென்றால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! பிறகு அந்தப் பெரிய திட்டத்தைக் கைவிட்டார்கள்.

கொடுத்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. மனதாரக் கொடுத்தார்கள். ஆனால் குழந்தை சிரிக்கும் படத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். வாசரை மாற்றுவது யார் என்று கேட்டுக் கொடுக்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யார்? பெருமையோடு சொல்கிறேன், அப்படிக் கேட்டவர்களில் நம் தமிழ்நாடும் உண்டு. 1970களிலேயே இங்கே மூன்று அடுக்குப் பராமரிப்பு என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதல் அடுக்கு ஊரிலேயே ஒருவர். சங்கிலிக்குக் கிரீஸ் தடவுவார், போல்ட்டை இறுக்குவார், மேடையைச் சுத்தமாக வைப்பார். அவர் கையில் முகவரி எழுதிய தபால் அட்டைகளைக் கொடுத்திருப்பார்கள். பம்பு நின்றால் ஓர் அட்டையைப் பெட்டியில் போட்டுவிடுவார். இரண்டாவது அடுக்கு ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், சுமார் நூறு பம்புக்கு ஒருவர். அவரால் முடியாததற்கு மூன்றாவது அடுக்கு, மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. ஒரு தபால் அட்டையின் விலை என்ன? அந்த அட்டை போய்ச் சேர்ந்ததால் எத்தனை பிள்ளைகள் குட்டைத் தண்ணீர் குடிக்காமல் தப்பித்தார்கள்!

அதிலும் ஒரு குறை இருந்தது. வாசர் அடியில் இருக்கிறது. அதை மாற்ற மேலிருந்து குழாய் முழுவதையும் உருவ வேண்டும். முக்காலி கட்ட வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும், வண்டி வேண்டும். அதற்கும் நம் ஊரிலேயே வழி தேடினார்கள். 1983 முதல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மறுபடியும் சோதனை. இந்த முறை குழாயைக் கொஞ்சம் அகலமாகப் போட்டு, குழாயைத் தொடாமலே கம்பியோடு வாசரை மேலே இழுத்துவிடும்படி செய்தார்கள். அதுதான் மார்க் த்ரீ. வண்டியும் குழுவும் வரவேண்டிய வேலை, மிதிவண்டியில் வரும் ஒரு மெக்கானிக்கும் ஊரில் ஒரு துணையாளும் செய்யும் வேலையாக மாறியது. ராஜஸ்தானில் திலோனியாவில் படிப்பில்லாத கிராமத்து இளைஞர்களைப் பம்பு மிஸ்திரிகளாக்கினார்கள். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் 1990களில் தலித் பெண்கள் ஸ்பேனர் பிடித்துப் பம்பைப் பிரித்து மாட்டினார்கள். உகாண்டாவில் இன்று மாவட்டந்தோறும் பம்பு மெக்கானிக்குகள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். ஆள் உள்ள ஊரில் பம்பு ஓடுகிறது.

சரி, நம் கதைக்கு வருவோம்.

இன்று வீட்டுக்கு வீடு குழாய் வந்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தை நான் வரவேற்கிறேன். தலைச்சுமை இறங்கியது பெண்களுக்கு விடுதலை. வீட்டில் தண்ணீர் வராத குடும்பங்களில், உலக அளவில் பத்தில் ஏழு வீட்டில், தண்ணீர் சுமப்பது பெண்கள்தான் என்று 2023-இல் யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் சொன்னார்கள். அந்தச் சுமையை இறக்கும் எந்தத் திட்டமும் நல்ல திட்டம். ஆனால் குழாய் வந்தவுடன் அடிபம்பை என்ன செய்தோம்? கைப்பிடி கழன்று, சங்கிலி துருப்பிடித்து, மாடு கட்டும் முளையாக எத்தனை இடத்தில் நிற்கிறது, எண்ணிப் பாருங்கள்.

2024 நவம்பர் 30-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல். பக்கத்திலே மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து உப்பளம் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. தொட்டி நிரம்பாவிட்டால் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அந்த நாளில் மின்சாரம் கேட்காத பொருள் ஒன்று தெருவில் நின்றது. அதற்குக் கைப்பிடி இருந்ததா? 2011 டிசம்பரில் தானே புயலிலும் இதே பாடம்தான். இந்தக் கரையில் புயல் வருமா என்று கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்தது உப்பு. மரக்காணம் உப்பளத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோனால்தான் உண்டு. கடற்கரையில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல், பாலின் மேல் ஏடு படிந்தது போலப் படிந்திருக்கிறது. மேலே ஒரு மீட்டர் மட்டம் இறங்கினால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறக்குறைய நாற்பது மீட்டர் மேலே வரும் என்பது விஞ்ஞானக் கணக்கு. அடிபம்பு நிமிடத்துக்கு ஒரு குடம் எடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் உறிஞ்சும். நம் பக்கத்துக் கழுவேலி ஏரியை 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். மகிழ்ச்சி. பறவைகளுக்காக மட்டும் அறிவித்ததாக நினைக்காதீர்கள். அதைச் சுற்றியுள்ள ஏரிகளில் மழைநீர் தங்கினால்தான் உங்கள் போரில் உப்பு ஏறாமல் நிற்கும்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்றும் நம்பிவிடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆழ்துளைத் தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. ஃப்ளோரைடு பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கியது, பெரியவர்களின் எலும்பை வளைத்தது. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இதே துன்பம். நம் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சி தரவேண்டும் என்று விதி இருக்கிறது. சோதனைப் பெட்டி எங்கே? அந்த ஐந்து பேர் யார்? இந்த மண்டபத்தில் இருந்தால் கையை உயர்த்துங்கள், உங்களை நான் வணங்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி இறக்குகிறாரே, டேங்க் ஆபரேட்டர், அவரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து வால்வு திறக்கிறார். பிளீச்சிங் பவுடர் கரைக்கிறார். அவர் வாங்கும் சம்பளம் உங்களுக்குத் தெரியும். கோடிக்கணக்கில் குழாய் புதைக்கும் நாடு, அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு ஏன் இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறது? ஆப்பிரிக்காவில் பல பம்புகள் நின்றதும் இதனால்தான். இரும்புக்குக் காசு இருந்தது, மனிதருக்குக் காசு இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. அந்த நாளை 2022-இல் நம் மாநில அரசு கிராம சபை நாளாக அறிவித்தது. அதற்குள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் ஊரில் எத்தனை அடிபம்பு இருக்கிறது, எது ஓடுகிறது, எதற்குக் கைப்பிடி இல்லை, எந்தத் தண்ணீர் கரிக்கிறது என்று நோட்டில் எழுதட்டும். ஆசிரியர்கள் உடன் போங்கள். மகளிர் குழுவில் இரண்டு பெண்கள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ள முன்வாருங்கள். பாந்தாவில் முடிந்தது பெருமுக்கலில் முடியாதா? சபையில் அந்த நோட்டை வாசியுங்கள். பம்புகளைப் பழுதுபார்க்கத் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தில் வாசர், சங்கிலி, குழாய்ச் செலவை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பழுது பார்க்கும் அந்த இரண்டு பெண்களின் பெயரையும், மாதம் அவர்களுக்கு என்ன கூலி என்பதையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.